கேஸ் அடுப்பில் பால் காய்ச்சிய நாள்

புது வீட்டுச் சமையலறைக்கு வேண்டிய சாமான்களையெல்லாம் சீதாலெட்சுமி ஒரே நடையில் வாங்கி முடித்துவிட்டாள், அடுப்பைத் தவிர. ரைஸ் குக்கரை மூடியைத் திறந்து மூடிப் பார்த்தாள், எடுத்துக்கொண்டாள். பிளெண்டர் தேங்காய் அரைக்குமா என்று கேட்டாள், எடுத்துக்கொண்டாள். அடுப்பு வரிசைக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது.

எண்பத்து நாலாம் வருஷம் அது. அவள் கணவர் நாகையாவுக்கு ரயில்வேயில் சிக்னல் வேலை. கல்யாணமானதிலிருந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் மண்ணெண்ணெய் அடுப்போடு காலத்தை ஓட்டிவிட்டு, இப்போதுதான் கிள்ளானில் ஒரு தாமானில், புதுக் குடியிருப்பில், சொந்தமாக வீடு வாங்கியிருந்தார்கள். ஒரு மாடியும் இல்லாத வரிசை வீடு. பின்பக்கம் நீளமாக ஒரு சமையலறை, அதற்கு ஒரே ஒரு ஜன்னல். வீட்டைப் பார்க்கப் போன அன்றைக்கே அந்த ஒற்றை ஜன்னல் அவள் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது.

கடையில் விற்பனையாளனாக நின்ற விஜயன் நம்ம தமிழ்ப் பையன்தான். கேஸ் அடுப்பின் குமிழைத் திருகினான். டப்பென்று சத்தம், நீலமாக ஒரு வளையம். சீதாலெட்சுமி பின்னால் நகர்ந்ததில் அடுக்கி வைத்திருந்த கெட்டில்கள் மேல் முதுகு இடித்தது.

"என்ன ஆன்டி, பாம்பைப் பார்த்த மாதிரி ஓடுறீங்க? இப்ப யாரு லா மண்ணெண்ணெய் வாங்குறா?"

"இது கசிஞ்சா எப்படித் தெரியும்?"

"வாடை வரும் ஆன்டி. அதுக்குன்னே நாத்தமா செஞ்சிருக்காங்க. மூக்கு இருந்தாப் போதும்."

"மூக்கு இருக்கு" என்றாள் அவள். "அந்த எலெக்ட்ரிக் அடுப்பைக் காட்டு."

அவள் இப்படிப் பயப்படுவதற்குக் காரணம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணத்துக்கு முன்பும் பிறகும் சில வருஷங்கள் கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் வேலை செய்தவள் அவள். படுக்கை மாற்றுவது, புண்ணைக் கழுவப் பிடித்துக்கொள்வது, கஞ்சி புகட்டுவது. ஜெஞ்சாரோம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முகமும் இரண்டு கையும் போய்விட்டன. கத்தவில்லை, அழவில்லை. கஞ்சி புகட்டும்போதெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்: "சுவிட்சைத்தான் போட்டேன் மிஸ்ஸி. லைட் சுவிட்சைத்தான் போட்டேன்." கேஸ் கசிந்து வீடெல்லாம் நிறைந்திருந்தது அவளுக்குத் தெரியாது. சளி பிடித்து மூக்கு அடைத்திருந்ததாம்.

கேஸ் காற்றைவிடக் கனம், தரையில்தான் தங்கும், வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடக்கூடாது என்பதெல்லாம் அந்த வார்டில் கற்றுக்கொண்டதுதான். ஒரு தரம் வீட்டில் வாயைத் திறந்தாள். நாகையா சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். "வார்டுக் கதையை வீட்டுக்குக் கொண்டு வராதே சீதா" என்றார். அதோடு சரி.

ஆகவே எலெக்ட்ரிக் அடுப்புதான் என்று அவள் முடிவு பண்ணி, அதை வாங்க நாகையாவோடு மறுபடி கடைக்குப் போனாள். அந்த முடிவைக் கெடுக்கவே ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து பஸ் ஏறி அங்கேயே வந்து சேர்ந்தாள் நாகையாவின் அக்கா இராஜம்மா. குடும்பத்தில் மூத்தவள். எந்த விசேஷமும் அவள் வாயைத் தாண்டி நடக்காது.

"புது வீட்டுல பால் காய்ச்சணும். தெரியுமில்ல?"

"தெரியும் அண்ணி. அதுக்குத்தான் இந்த அடுப்பு."

"இதுலயா?" இராஜம்மா சுருள் கம்பியை விரலால் தட்டினாள். "தீ எங்கடி இருக்கு இதுல? அக்கினி பகவான் கம்பிக்குள்ள சுருண்டு படுத்திருக்காரா? பால் காய்ச்சுற வீட்டுல தீ கண்ணுக்குத் தெரியணும். கம்பியில காய்ச்சினா வெந்நி போடுற மாதிரிதான்."

"பாலுக்கு மட்டும் மண்ணெண்ணெய் அடுப்பை..."

"புது வீட்டுக்குப் பழைய அடுப்பா! நல்லா இருக்கு போ."

நாகையா நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். ரயில்வே நண்பர்கள் வரப்போகிறார்கள், அவர்கள் வீட்டிலெல்லாம் கேஸ். கரண்ட் போனால் எலெக்ட்ரிக் அடுப்பு என்ன செய்யும், தோசைக்குச் சூடு பத்துமா என்று தனக்குத் தெரிந்த நியாயமெல்லாம் சொன்னார். எல்லாம் சரிதான். தன் நியாயத்தைச் சொல்ல அவள் வார்டைத் திறக்க வேண்டும். திறக்கவில்லை. கேஸ் அடுப்பு வீட்டுக்கு வந்தது.

கேஸ் நிரப்பிய இரும்புத் தோங்கைக் கொண்டுவந்து இறக்கிய ஆள் அதை மேடைக்கு அடியில் வைத்து ரப்பர் குழாயை மாட்டினான். சோப்பு நுரையைக் குழாயில் தடவிக் காட்டினான். நுரை குமிழி விட்டால் கசிவு. குமிழி விடவில்லை. அவன் போன பிறகு அவள் மறுபடி தடவினாள். அடுத்த நாளும் தடவினாள். பால் காய்ச்சும் நாள் வரைக்கும் அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. அந்தச் சமையலறைக்குள் நுழையும்போதெல்லாம் வாசலில் நின்று நாய் மாதிரி மோந்து பார்த்துவிட்டுத்தான் காலை வைத்தாள். விஜயன் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்: மூக்கு இருந்தாப் போதும்.

விசேஷ நாள் காலை வீடு நிறைந்துவிட்டது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே வாசற்படியை ஒட்டித் தரையில் கோலம் போட்டு, அதன்மேல் குத்துவிளக்கை ஐந்து முகமும் ஏற்றி வைத்திருந்தார்கள். இராஜம்மா சாம்பிராணித் தட்டைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகச் சுற்றினாள். சமையலறையில் ஒரு சுற்றுக்கு இரண்டு சுற்றாகப் புகை போட்டாள். புகையில் ஜன்னலே தெரியவில்லை.

சீதாலெட்சுமி மூச்சை இழுத்தாள். சாம்பிராணி. மறுபடி இழுத்தாள். சாம்பிராணிதான். வேறு எந்த வாடை வந்தாலும் இனி அவளுக்குத் தெரியப்போவதில்லை.

"அண்ணி, புகை போதும். மூக்கே வேலை செய்யல."

"புது வீட்டுல சாம்பிராணி வாடைதான் வரணும். வேறென்ன வாடை வேணும் உனக்கு?"

மஞ்சள் கட்டிய பித்தளைப் பானை அடுப்பில் ஏறியது. குமிழைத் திருகியது நாகையா. நீல வளையம் பிடித்துக்கொண்டது. சீதாலெட்சுமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தீயையே பார்த்தாள். மற்ற எல்லோரும் பாலைப் பார்த்தார்கள். பால் கிழக்கே வழிந்தால் நல்லது, வடக்கே வழிந்தாலும் நல்லது. அதற்காகத்தான் அத்தனை பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

நுரை ஏறியது. விளிம்பைத் தொட்டது. பொங்கி வழிந்தது.

குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. "கிழக்கு! கிழக்கு!" என்று யாரோ கத்தினார்கள். "பானையே கிழக்கே சாஞ்சிருக்குப்பா, வேற எங்க போகும்?" என்றது ஒரு ரயில்வே குரல். சிரிப்பு. இராஜம்மா சீதாலெட்சுமி தோளைப் பிடித்துத் திருப்பினாள். "மசமசன்னு நிக்காதே. கூடத்துல தம்ளர் இருக்கு, எடுத்துட்டு வா. நான் கற்பூரம் காட்டிடறேன்."

அவள் போனாள். விளக்கைச் சுற்றிக்கொண்டு போய்த் தட்டில் தம்ளர்களை அடுக்கிக்கொண்டு, ஆட்களை விலக்கித் திரும்பி வந்தாள். வாசற்படியில் நின்றாள்.

ஏதோ சரியில்லை. என்னவென்று உடனே பிடிபடவில்லை. பானையைப் பார்த்தாள். பால் அசையாமல் இருந்தது. பொங்கி வழிந்த பால், தீ எரிந்துகொண்டிருந்தால் கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மேலே ஏடு கட்டத் தொடங்கியிருந்தது. தீயை யாரும் அணைக்கவில்லையே. குமிழ் திருகியது திருகியபடி இருந்தது.

பால் வழிந்து தீயை அணைத்துவிட்டது. கேஸ் வந்துகொண்டே இருக்கிறது.

விறகு அடுப்பில் எத்தனை தலைமுறையாகப் பால் பொங்கியிருக்கும். பொங்கி வழிந்தால் விறகு கொஞ்சம் புகையும், அவ்வளவுதான். வழிய வேண்டும் என்றுதானே காய்ச்சுவதே. வழிந்த பால் கேஸ் அடுப்பில் என்ன செய்யும் என்று அந்த வீட்டில் ஒருவரும் யோசிக்கவில்லை. இத்தனை பயந்த அவளும்தான் யோசிக்கவில்லை.

அடுப்புக்கு முன்னால் இராஜம்மா, இடது கையில் கற்பூரத் தட்டு, வலது கையில் தீப்பெட்டி. பெட்டியை விரலால் தள்ளித் திறந்துகொண்டிருந்தாள்.

தம்ளர் தட்டு கீழே விழுந்த சத்தத்தில்தான் எல்லோரும் திரும்பினார்கள். அதற்குள் அவள் இராஜம்மாவின் கையை ஓங்கி அடித்துவிட்டாள். தீப்பெட்டி பறந்து மேடையில் தேங்கியிருந்த பாலில் விழுந்தது. குமிழை மூடினாள். குனிந்து தோங்கின் தலையையும் மூடினாள். குனிந்தபோது சாம்பிராணிக்கு அடியில் அந்த வாடை இருந்தது. அழுகின முட்டைக்கோஸ் வாடை. முழங்கால் உயரத்துக்குக் குப்பென்று.

"என்ன ஆச்சு, ஒரே புகையா இருக்கே" என்று நாகையா ஃபேன் சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

"தொடாதே!"

கணவரை அவள் ஒருமையில் சொன்னது அந்த ஒரு தரம்தான். அவர் கை அந்தரத்தில் நின்றது.

"யாரும் எந்தச் சுவிட்சையும் தொடாதீங்க. முன்வாசல் வழியா வெளியே போங்க. ஓடாதீங்க. கூடத்துல இருக்கிற சாம்பிராணித் தட்டையும் தூக்கிட்டுப் போங்க, இங்கே கொண்டு வராதீங்க." வார்டில் பழகின குரல் எங்கிருந்தோ வந்துவிட்டது.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. குத்துவிளக்கு. தரையில், வாசற்படியை ஒட்டி, ஐந்து தீ. கேஸ் தரையோடு நகர்ந்து அங்கேதான் போகும். பூவால் அமர்த்த நேரமில்லை. அவள் மண்டியிட்டு ஐந்து திரியையும் விரலாலேயே கசக்கினாள். பிறகு பின்கதவையும் ஜன்னலையும் விரியத் திறந்துவிட்டு வெளியே போய்க் குழாயடியில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டு முன்னால் தெருச் சடக்கில் நின்ற கூட்டம் முணுமுணுத்தது. இராஜம்மா சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தாள். அவள் குரல் அடுத்த சடக்குக்குக் கேட்டது.

"பால் காய்ச்சின வீட்டுல விளக்கை அணைச்சுட்டாளே! சுமங்கலி செய்யுற காரியமா இது? என் கையை வேற அடிச்சா பாரு! கேக்க ஆளில்லையா?"

சீதாலெட்சுமி தண்ணீரிலிருந்து கையை எடுக்கவில்லை. "அண்ணி, அந்தப் பின்வாசப் படியிலேயே நின்னு தலையை மட்டும் குனிஞ்சு மோந்து பாருங்க."

இராஜம்மா குனிந்தாள். குனிந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். கையிலிருந்த கற்பூரத் தட்டைப் பார்த்தாள். மெல்ல வந்து குழாயடியில் தம்பி மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு அவள் விரல்களைப் பார்த்துவிட்டு, "கிச்சாப்பு கொண்டு வரவா, தடவ?" என்றாள். தீப்பட்ட இடத்துக்கு அந்தக் கருப்புச் சோயா சாஸ்தான் அவளுக்குத் தெரிந்த வைத்தியம்.

"வேணாம். தண்ணி போதும். கொப்பளத்துல கண்டதையும் தடவக்கூடாது."

நாகையா பின்பக்கம் வந்தார். மனைவி கை நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அந்த வார்டுல என்னதான் பார்த்தே?" என்று கேட்டார் கடைசியில். அவள் ஜெஞ்சாரோம் பெண்ணைப் பற்றிச் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார். இராஜம்மாவும் கேட்டாள்.

வீடு நன்றாகக் காற்றாடிய பிறகு, தரையில் வாடை துளியும் இல்லை என்று அவள் மண்டியிட்டுப் பார்த்த பிறகு, பால் மறுபடி அடுப்பில் ஏறியது. இந்தத் தடவை குமிழில் இருந்தது சீதாலெட்சுமியின் கை. சாம்பிராணி இல்லை. எல்லோரும் பாலைப் பார்த்தார்கள், அவள் பானைக்கு அடியில் பார்த்தாள். நுரை வழிந்த அந்த நொடியில் குமிழை மூடினாள். பிறகு குனிந்து மோந்தாள். "இப்ப ஏத்துங்க அண்ணி" என்றாள். இராஜம்மா கற்பூரம் ஏற்றினாள்.

அடுத்த வாரமே தோங் பின்சுவருக்கு வெளியே போயிற்று. எலெக்ட்ரிக் அடுப்பு ஒன்றும் வந்து சேர்ந்தது. அன்றாடச் சமையல் அதில்தான். கேஸில் தோசை ஊற்றும் நாட்களில் கூடவே நின்றுகொண்டிருப்பாள், கூடத்தில் டெலிபோன் அடித்தால் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போவாள். இராஜம்மா சாகிற வரைக்கும், "என் தம்பி வீட்டுல விளக்கணைஞ்சது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் தன் மகள் புது வீட்டில் பால் காய்ச்சியபோது, "சீதா வராம அடுப்பைத் தொடக்கூடாது" என்று முதலில் சொன்னவளும் அவள்தான்.

அதற்கப்புறம் தாமானில் யார் புது வீட்டில் பால் காய்ச்சினாலும் சீதாலெட்சுமிக்கு ஆள் வந்துவிடும். அவள் போவாள். மூலையில் புகைகிற சாம்பிராணியை முதலில் வெளியே அனுப்புவாள். விளக்கைக் கூடத்தின் அந்தக் கோடிக்கு நகர்த்தச் சொல்வாள். பிறகு வேர்த்த உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குமிழைப் பிடித்துக்கொள்வாள்.

ஒரு வீட்டில் புதுசாக வந்த மருமகள் கேட்டாள்: "இத்தனை வீட்டுல நின்னுட்டீங்க ஆன்டி, இன்னுமா கை நடுங்குது?"

"நடுங்கும்" என்றாள் அவள், தீயை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நீ தள்ளி நில்லு. பால் ஏறுது."