சூளகிரியில் விழாத முதல் கியர்

காலை 10.10. காவேரிப்பட்டினத்திலிருந்து கிளம்பினோம். ஓசூருக்கு அறுபது கிலோமீட்டர் சொச்சம். எங்கள் பழைய காருக்கு ஒன்றரை மணி நேரம் தாராளம். ஓசூரில் என் மாமனார் காலையில் மவுத்தாகிவிட்டார். நான் போச்சம்பள்ளியில் நைட் ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வீடு சேரவே ஒன்பதரை. லுஹர் தொழுகைக்காகப் பன்னிரண்டே முக்காலுக்கு வீட்டிலிருந்து மய்யித்தை எடுப்பதாக மச்சான் போனில் சொல்லியிருந்தார். அடக்கத்துக்குப் பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போகும் வழக்கம் எங்களில் இல்லை. அதற்குள் போனால்தான் என் மனைவி ஷகிலா தன் அத்தாவின் முகத்தைப் பார்க்க முடியும்.

10.45. கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையில் முதல் கியர் கரகரத்தது. நான்கு நாளாகவே கியர் முரண்டு பிடித்ததுதான். வண்டிக்கு வயசாகிவிட்டது என்று விட்டிருந்தேன். அடித்துத் திணித்து ஓட்டினேன்.

11.25. சூளகிரியில் ஒரு லாரிக்காக நிறுத்தியதோடு சரி. அதன்பின் எந்தக் கியரும் விழவில்லை. நான்கு பேர் தள்ளி ஒரு மெக்கானிக் கடை வாசலில் கொண்டுபோய் விட்டார்கள்.

மெக்கானிக் சீனப்பா இன்ஜினை அணைத்துவிட்டுக் கியரைப் போட்டுப் பார்த்தார். ஐந்தும் அழகாக விழுந்தன. ஸ்டார்ட் செய்தால் மறுபடி கரகரப்பு.

"பாக்ஸ் நல்லாருக்கு பாய். கிளட்ச்தான் முழுசா விடல. பத்து நிமிசம்."

ஓசூர் பஸ் ஒன்று வந்து நின்றது. ஏறிப் போய்விடட்டுமா என்று ஷகிலா கேட்டாள். இந்த நிலையில் தனியாக எப்படிப் போவாய், பத்து நிமிடம்தானே என்றேன். என் வாயில் மண் விழ. பஸ் போய்விட்டது.

கிளட்ச் ஆயில் குறையவில்லை. ஒழுகலும் இல்லை. குழாயில் காற்று இருக்குமென்று அதை வெளியேற்றினார். நாற்பது நிமிடம் போயிற்று, கியர் விழவில்லை. கடைசியில் மண்டியிட்டுப் பெடலைக் கையால் அமுக்கினார். பாதியிலேயே நின்றது. அடியில் கையை விட்டு, சுருண்டு முன்னால் நகர்ந்திருந்த கால்மிதியை இழுத்தார். விரல் தடிமனுள்ள கன்வேயர் பெல்ட் ரப்பர். ஓசூர்ப் பக்கம் கம்பெனியில் கழித்த பெல்ட்டைக் காருக்கு வெட்டிப் போடாதவர்கள் குறைவு. பெடல் தரைவரை போனது. முதல் கியர் சத்தமில்லாமல் விழுந்தது.

"இவ்ளோ தடிமனா யாருங்க போட்டது?"

"எங்க அத்தா," என்றாள் ஷகிலா. "போன ஞாயித்துக்கெழம. மண்ணு ஒட்டாது, ஆயுசுக்கும் தேயாதுன்னாரு."

சீனப்பா கூலி வாங்கவில்லை. ரப்பரைத் துடைத்து டிக்கியில் வைத்தார்.

1.10. வீட்டில் கட்டில் காலியாக இருந்தது. நான் பள்ளிவாசலுக்கு ஓடினேன். ஜனாஸா தொழுகை கிடைத்தது, மூன்று பிடி மண்ணும் போட்டேன். அவளுக்கு அதுவும் இல்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மூன்றாம் நாள் பாத்திஹா முடிந்து திரும்பினோம். அதே அறுபது கிலோமீட்டர், ஒரு கியர்கூட முரண்டு பிடிக்கவில்லை. கிளம்பும் முன் ஷகிலா டிக்கியைத் திறந்து அந்த ரப்பரை எடுத்துத் தன் பக்கம் விரித்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, காவேரிப்பட்டினம் வரும்வரை வெறுங்காலை அதன்மேல் வைத்திருந்தாள்.