காதக்காவின் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள்

காது மிஷின் விற்கிற கடையில் அவளுக்குப் பதினோரு வருஷ வேலை. வாடிக்கையாளர்கள் வைத்த பேர் காதக்கா. மிஷினைக் காதில் பொருத்தி, கம்ப்யூட்டரில் சத்தத்தைக் கூட்டிக் குறைத்து, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பாள். "நல்லாக் கேக்குதும்மா" என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். மூன்றே மாதத்தில் பாதிப் பேர் அதைக் கழற்றி அலமாரியில் போட்டுவிடுவார்கள்.

ஏன் என்ற கேள்வி அவளை அரித்தெடுத்தது. போனில் கேட்கலாம் என்றால் அவர்களுக்குத்தான் காது கேட்காதே! லீவு நாட்களில் வீடு வீடாகப் போனாள். "நான் மெல்ற சத்தம் எனக்கே கேக்குது, சோறே இறங்கல" என்றார் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதினாள். ஆறு வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள்.

அவள் கணவர் பஸ் டிரைவர். "இதை வச்சு டாக்டர் பட்டமே வாங்கிடுவே போலிருக்கே" என்று கிண்டலடித்தார். அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

டிகிரியில் ஐம்பத்தேழு சதவீதம்தான். இரண்டு பல்கலைக்கழகங்கள் இரண்டே வரியில் கைவிரித்தன. மூன்றாவது இடத்தில் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே, அங்கிருந்த பேராசிரியைக்கு நோட்டின் மூன்று பக்கங்களை அனுப்பினாள். மறுநாளே பதில் வந்தது: "நாலாவது பக்கம் எங்கே?"

நேர்முகத் தேர்வில் பேராசிரியையோடு இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிக்காரர் மார்க் பட்டியலைப் புரட்டினார்.

"பிசிக்ஸ்ல ஃபெயிலாகி, திரும்ப எழுதியிருக்கீங்க. என்னாச்சு?"

காய்ச்சல் என்று சொல்வதற்கு வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். வாயில் வரவில்லை. "படிக்கல சார். அப்ப கைப்பந்து பைத்தியம்."

பேராசிரியை சிரித்துவிட்டார். "சரி, போன வீடுகள்ல உங்களை அசத்தினது எது?"

"ஒரு தச்சர் வீடு மேடம். கடையில நல்லாக் கேக்குதுன்னு சொன்னவர், ஒருநாள்கூடப் போடல. ஏன்யா அப்படிச் சொன்னீங்கன்னு கேட்டேன். 'நீ இவ்ளோ மெனக்கெட்டியேம்மா, மனசு கஷ்டப்படுவியே'ன்னார். அப்பதான் உறைச்சுது. நாங்க கடையில கேட்டு எழுதிக்கிற பதிலை நம்ப முடியாது."

கண்ணாடிக்காரர் மார்க் பட்டியலை மூடி வைத்தார். அதற்கப்புறம் அரைமணி நேரம் அவள்தான் பேசினாள்.

மூன்றாம் வாரம் கடிதம் வந்தது. நான்கு வருஷம், கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகை. கணவர் மூன்று தடவை படித்தார்.

"கடைச் சம்பளத்தைவிடக் கொஞ்சம் கம்மிங்க" என்றாள்.

"இருக்கட்டுமே. இத்தனை மிஷின் வித்தாகணும்னு யாரும் கழுத்தைப் பிடிக்க மாட்டாங்கல்ல?"

இப்போது இரண்டாம் வருஷம். புள்ளியியல் இன்னும் தண்ணி காட்டுகிறது. பக்கத்து இருக்கைக்காரி, அவளைவிடப் பதினைந்து வயது இளையவள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதைச் சொல்லிக்கொடுக்கிறாள். பெரியவர்களை அவசரப்படுத்தாமல் பேச வைப்பது எப்படி என்று இவள் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். போன தேர்வில் புள்ளியியலில் அறுபத்தொன்று வாங்கினாள். வீட்டில் அன்றைக்குப் பாயசம் வைக்காத குறைதான்.