மெழுகுதிரிக்கு எதிராக ஒரு பெட்டிசம்

மங்கை ரீச்சர் காலமான செய்தி எனக்குச் சுன்னாகம் சந்தையில்தான் கிடைத்தது. வெங்காயத்தை அமத்திப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்களிடம் படித்த வியாபாரி தராசைக் கீழே வைத்துவிட்டு, "மாஸ்டர், அறிஞ்சனீங்களே? எங்கடை மங்கை ரீச்சர் மோசம் போயிட்டா," என்றான். உண்மையைச் சொல்லுகிறேன், எனக்கு முதலில் துக்கம் வரவில்லை. சாகுமுன் யாரிடமாவது எதையாவது சொல்லிவிட்டாரோ என்ற ஐமிச்சம்தான் வந்தது. சீ, என்ன பிறவி நான்!

அவரோடு படிப்பித்த உங்களுக்கு அந்த மெழுகுதிரி ஞாபகம் இருக்கும். அறுபதுகளின் நடுவில், பருத்தித்துறைப் பக்கத்துக் கடலோடிக் குடும்பத்திலிருந்து எங்கள் பாடசாலைக்கு ஆங்கிலம் படிப்பிக்க வந்தார். ஆங்கிலத்துக்கு ஏற்கெனவே நான் இருந்தேன், அது வேறு கதை. காற்றுப் புகாமல் கதவைச் சாத்திவிட்டு, சின்னப் பிள்ளைகளின் வாய்க்கு முன்னால் மெழுகுதிரியைப் பிடிப்பார். பேனைக்குரிய 'பென்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் சொல்கிறபடி மூச்சுத் தெறிக்கச் சொன்னால் சுடர் துள்ளும். 'பல்', 'பந்து' என்கிற நம் வழக்கத்தில் சொன்னால் அசையாது. கள்ளப் பிள்ளைகள் உதட்டைக் குவித்து ஊதிவிடுவார்கள். "ஊதாதை, சொல்லு," என்று அதட்டுவார். "நெருப்பை ஏமாத்தலாம், என்னை ஏமாத்தேலாது."

ஒரு நாள் யன்னல் நீக்கலால் நான் ஒளித்துப் பார்த்தேன். பிள்ளைகள் கண்ணை மூடி நிற்க, அவர் ஒவ்வொருவருடைய நாடியையும் தொட்டு நிமிர்த்திக்கொண்டிருந்தார். அடுத்த நாள் என் வகுப்பில் ஒரு வாயாடிப் பெட்டை, "மாஸ்டர், நீங்கள் சொன்னால் திரி ஆடாது, என்ன?" என்றாள். வகுப்பே சிரித்தது. அன்று பின்னேரம் அறையைப் பூட்டிக்கொண்டு நானும் மெழுகுதிரிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். சனியன், அசையவே இல்லை.

அந்தக் கிழமை பிள்ளையார் கோவிலடியில் ஒரு தாய் என்னை மறித்தாள். "கதவைச் சாத்திப்போட்டு மெழுகுதிரி கொளுத்திறாவாம். பிள்ளையளைக் கிறிஸ்தவ வேதத்திலை சேர்க்கிறாவோ, மாஸ்டர்?"

மங்கை ரீச்சர் வெள்ளிக்கிழமைகளில் அதே கோவிலில் தேங்காய் உடைப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆனாலும், "எனக்கும் ஐமிச்சமாய்த்தான் கிடக்கு," என்றேன். வாய்விட்டுச் சொல்லப் பயப்படுகிற எதற்கும் எங்கள் ஆட்கள் பெட்டிசம் எழுதுவார்கள். கல்விக் கந்தோருக்கு ஒன்று போனது. கீழே 'பெற்றோர்' என்று மட்டும் இருந்தது. அதை இடக்கையால் எழுதியவன் நான்.

விசாரிக்கக் கந்தோரிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். ரீச்சரை மட்டக்களப்புப் பக்கம் மாற்றப் போகிறார்களாம் என்று கதை. வீட்டில் பாரிசவாதத்தில் கிடந்த தகப்பனை விட்டுவிட்டு அந்த மனுசி எங்கே போவார்? ரீச்சர் அழவுமில்லை, வாதாடவுமில்லை. மெழுகுதிரியைக் கொளுத்தி, "ஐயா, நீங்களும் ஒருக்கால் சொல்லிப் பாருங்கோ," என்றார். இன்ஸ்பெக்டர் 'பென்' என்று சொன்னார், சுடர் ஆடவில்லை. மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். மாற்றமும் நின்றது.

மறு கிழமை ரீச்சர் மெழுகுதிரிக்குப் பதிலாய் ஒரு சின்ன மண் சிட்டி விளக்கோடு என்னிடம் வந்தார். "இதை நீங்கள் ஏத்தித் தாங்கோ, மாஸ்டர். திருநீறு பூசின கை ஏத்தினால் ஒருத்தரும் ஐமிச்சப்படமாட்டினம்." அவர் ஓய்வு பெறும்வரை நான்தான் ஏற்றினேன். ஒவ்வொரு முறையும் அவர் முகத்தைப் பார்ப்பேன். தெரியுமோ, தெரியாதோ? ஒரு நாள், "சுடர் ஆடுது, காத்தோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். காற்றே இல்லை.

பெட்டிசம் எழுதினவர் எங்கள் பாடசாலைச் சங்கீத மாஸ்டர் என்றுதான் நீங்கள் எல்லோரும் முடிவு கட்டினீர்கள். அவரோடு ஒருவரும் தேத்தண்ணி குடிக்கவில்லை. ஒரு வருடத்தில் மாற்றம் வாங்கிக்கொண்டு போனார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செத்தவீட்டில் ரீச்சரின் தங்கை என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு ஒரு கடித உறையைத் தந்தார். உள்ளே அந்தப் பெட்டிசம், மடிப்பெல்லாம் பழுத்துக் கிடந்தது. "இன்ஸ்பெக்டர் அண்டைக்கே அக்காவிட்டைக் குடுத்திட்டார். பிள்ளையள் கண்ணை மூடிக்கொண்டு நிண்டது, நாடியைத் தொட்டது எல்லாம் இதிலை கிடக்கு. யன்னலாலை ஒளிச்சுப் பாத்தது நீங்கள் ஒராள்தானாம், அக்கா கண்டவவாம். உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவ."

"வேறை ஏதும் சொன்னவவோ?"

"இல்லை."

இத்தனை வருடமாக, தெரிந்துகொண்டே என் கையில் விளக்கைத் தந்திருக்கிறார். நான் அங்கேயே குந்தியிருந்து அழுதேன். ரீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கடதாசியும் அவருடைய அதட்டலும்தான்: "ஊதாதை, சொல்லு."

சங்கீத மாஸ்டர் இப்போது சாவகச்சேரியில் மகள் வீட்டில் இருக்கிறாராம். நாளைக்கு முதல் பஸ்ஸில் போகிறேன். அதற்கு முதல், அவரை ஒதுக்கிவைத்த உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: அதை எழுதினவர் அவர் இல்லை. நான்.