கோடிச் சேலையும் சிவப்பு விளக்கும்

காலை ஏழு மணிக்குச் செய்தி வந்தது. கிருஷ்ணகிரியில் வள்ளியம்மா இறந்துவிட்டாள். பெங்களூரு ஆஸ்டின் டவுனில் கார்களுக்கு எலெக்ட்ரிக் வேலை பார்க்கும் நாராயணசாமிக்கு அவள் ஒரே அக்கா. எடுப்பதற்கு முன் பிறந்த வீட்டுக் கோடியைப் போர்த்த வேண்டும். கொண்டுபோகத் தம்பியை விட்டால் ஆளில்லை. சிவாஜிநகரில் தெரிந்த துணிக்கடைக்காரரை எழுப்பி, மாம்பழ நிறத்தில் ஒரு சேலை வாங்கிக்கொண்டு, மனைவி மமதாவுடன் தன் பழைய காரில் கிளம்பினார்.

பொம்மனஹள்ளி தாண்டியதும் டாஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது.

“ஊர்க் காருக்கெல்லாம் வைத்தியம் பாக்குறீங்க. நம்ம காரு மட்டும் அநாதை,” என்றாள் மமதா.

ஓரமாக நிறுத்தும்போதே அக்கா மகன் நாகேஷின் போன். “மாமா, ரெண்டு மணிக்கு எடுக்கணுமாம். நீங்க லேட்டானா பங்காளிங்க வாங்கின சேலையையே போத்திடலாம்னு பேசுறாங்க.”

“வந்துடுவேன்னு சொல்லு. எங்கக்காவுக்கு என் சேலைதான்.”

எதிரே இருந்த பேட்டரிக் கடைக்காரர் ரோட்டைத் தாண்டி வந்தார். “பேட்டரி ஹோய்து சார், போயிடுச்சு. புதுசு மாட்டிட்டுக் கெளம்புங்க.”

“மாட்டினா கொஞ்ச தூரம் ஓடும். அப்புறம் அதுவும் படுத்துக்கும்ணா.”

நாராயணசாமி இன்ஜினை ஓடவிட்டு, பேட்டரியில் மீட்டரை வைத்தார். பதினாலு வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டியது பன்னிரண்டில் நின்றது. ஹெட்லைட்டைப் போட்டதும் இன்னும் இறங்கியது.

“பேட்டரி செலவு பண்றவன். சம்பாதிச்சுப் போடுற ஆல்டர்னேட்டர் சும்மா கெடக்கு. ஏன்னு பாக்கணும்.”

ஒயர்கள் இறுக்கமாகத்தான் இருந்தன. மமதாவை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். கீச்சென்று ஒரு சத்தம். இன்ஜினை நிறுத்தி, ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட்டைத் தொட்டார். விரலில் வழவழவென்று பளபளப்பு ஒட்டியது; பெல்ட் பிடிக்காமல் வழுக்கியிருக்கிறது. மமதா இறங்கி வந்து பார்த்தாள்.

“ஆயுத பூஜைக்கு பானெட்டைத் தொறந்து டயர் பாலீஷ் அடிச்சது யாரு?”

“சாமிக்குத்தானே அடிச்சேன்.”

“சாமி பெல்ட்டையா பாத்துச்சு?”

கடைக்காரர் சிரித்துவிட்டு, தானே போய் வாளியில் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்தார்.

துணி எடுக்க டாஷ்போர்டு பெட்டியைத் திறந்தபோது காகிதத்தில் சுற்றிய சின்ன பல்பு ஒன்று கையில் தட்டுப்பட்டது. பொங்கலுக்கு வந்திருந்த அக்கா, பின் சீட்டில் இருட்டில் பர்ஸைத் துழாவிக்கொண்டு, “லைட்டுக்காரன் வண்டியில லைட்டு இல்ல பாரு,” என்று கேலி செய்த மறுநாள் வாங்கியது. ஒரு கணம் பார்த்துவிட்டு அங்கேயே வைத்தார்.

பெல்ட்டையும் அது ஓடும் பள்ளங்களையும் சோப்புத் தண்ணீரால் துடைத்து, ஈரம் போகக் காயவிட்டார். போல்ட்டைத் தளர்த்தி, ஆல்டர்னேட்டரை நெம்பி, பெல்ட்டை விறைப்பாக்கி முடுக்கினார். சாவியைத் திருப்பினார். சிவப்பு விளக்கு அணைந்தது. ஹெட்லைட்டும் ஏசியும் போட்ட பிறகும் மீட்டர் பதினாலை விட்டு இறங்கவில்லை.

“ஏறுங்க, போலாம்,” என்றாள் மமதா.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பாடை கட்டி முடித்திருந்தார்கள். கூட்டம் வழிவிட்டது. பங்காளிகளின் சேலை மடித்தபடியே ஓரத்தில் இருக்க, நாராயணசாமி மாம்பழ நிறச் சேலையை உதறி விரித்து, அக்காவின் தோள்வரை இழுத்துப் போர்த்தினார்.

பெல்ட்டை அந்த வாரமே புதிதாக மாற்றிவிட்டார். பின் சீட்டு விளக்கின் பல்பு இன்னும் டாஷ்போர்டு பெட்டியில்தான் இருக்கிறது.