மாஸ்டர் என்றாலே சந்தேகம்

டீக்கடையில் யாரோ “மாஸ்டர், ரெண்டு டீ!” என்றதும் நான்தான் முதலில் திரும்பிப் பார்த்தேன். கொஞ்ச காலம் டியூஷன் மாஸ்டராக இருந்த பழக்கதோஷம். என்னிடம் படித்தவர்களின் மார்க்கைப் பார்த்தவர்கள் அந்தப் பட்டத்தையே சந்தேகிப்பார்கள். என் அப்பா அதை 1930களிலேயே சந்தேகித்தார்.

அப்போது கோயமுத்தூர்ப் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு மாஸ்டர். டெய்லர் மாஸ்டர் துணியில் பாதியைத் தின்றுவிடுவார் என்பார் அப்பா. டிரில் மாஸ்டர் பிள்ளைகளை வெயிலில் ஓடவிட்டு நிழலில் நிற்பார். ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்டால் ரயில் வரும்போது வரும் என்பார். இந்த நிலையில்தான் அப்பாவின் தங்கைக்கு, அதாவது என் அத்தைக்கு, வரன் வந்தது. மாப்பிள்ளை மில்லில் நூல் நூற்கும் பகுதியைக் கவனிக்கும் ஸ்பின்னிங் மாஸ்டர்.

“வேலை செய்யாதவனுக்கு வெச்ச பேருங்க அது,” என்று தரகரிடம் சொல்லிவிட்டு, அப்பா பல்லடத்தில் பஸ் ஏறிப் போய், மில் கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் நின்று வேவு பார்த்தார்.

சாயங்காலம் திரும்பியவர் முகத்தில் லேசான ஏமாற்றம்.

“தலையெல்லாம் பஞ்சு, கையெல்லாம் எண்ணெய். வேலை செய்யற ஆளுதான். குடுத்துப்போடலாம்.”

கதவோரம் நின்ற அத்தை கேட்டாள்: “ஏனுங்கண்ணா, கூட வேலை செய்யறவங்ககிட்ட எப்படிப் பேசுனாருங்க? சிரிச்சாருங்களா?”

அப்பா விழித்தார். “சிரிப்பா? அதைப் பாக்கலியே, அம்மணி.”

“அப்படீன்னா எனக்குச் சந்தேகமாத்தானுங்க இருக்குது.”

மறுநாள் அப்பா கட்டுச்சோற்றோடு பஸ் ஏறினார்.