மாவு அக்காவின் அக்கவுண்ட்

எங்கள் வீட்டில் காலை பத்து மணி வாக்கில் துப்பாக்கிச் சூடு தொடங்கும்.

கிரைண்டரில் அரிசி விழுந்து கல் சுற்ற ஆரம்பித்ததும் என் மனைவி ஷோபனா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள். காதில் ஹெட்செட், கையில் போன். அவ்வளவுதான். "கஜபதி, அந்த ஊட்டுக்குப் பின்னாடி ஒருத்தன் குந்திகினு கீறான் பாரு! வித்யா, நீ மாடிக்கு ஓடு! ஓடுடீ!" என்று ஒரு கத்தல். அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிப்ட் முடித்து வந்து அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பேன். யாரோ செத்தார்கள் என்று பதறி எழுந்தால் உண்மையிலேயே யாரோ செத்திருப்பார்கள், போனுக்குள்ளே. "தலையிலயே ஒண்ணு போட்டேன்!" என்று அவள் சிரிக்கிற சத்தம் கேட்கும். எனக்கு வருகிற கோபத்துக்கு அளவே இருக்காது.

திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவில் போய் மாவு அக்கா வீடு எது என்று கேட்டால் யாரும் சொல்வார்கள். பால்ராஜ் வீடு என்று என் பேரைச் சொல்லிக் கேட்டால் யோசிப்பார்கள். முன்னறைதான் கடை. காலையில் அரைத்துவைத்த இட்லி மாவு சாயங்காலம் பாக்கெட்டாகப் போகும். கிரைண்டர் ஓடும்போது பக்கத்தைவிட்டு நகர முடியாது. நடுநடுவே தண்ணீர் தெளிக்கணும், ஓரத்து மாவைத் தள்ளிவிடணும். அந்த நேரத்துக்கு முதலில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துப் பார்த்து அழுதாள். ஒருநாள் யாரோ இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க, அன்றிலிருந்து அடுத்தவர்களை அழவைக்க ஆரம்பித்தாள்.

விளையாட்டில் அவள் பெயரும் மாவு அக்காதான். நூம்பலில் பையன்களோடு கோலி ஆடி வளர்ந்தவள், குறி தப்பாது. குரலும் தப்பாது. கிரைண்டரை மீறிப் பேசிப் பேசி அவளுக்கு மெதுவாகப் பேசவே வராது. ஒரு அணிக்கு நாலு பேர். இவள், வேலப்பன்சாவடி பக்கம் காலேஜில் படிக்கிற வித்யா, ஆவடியில் லோடு ஆட்டோ ஓட்டுகிற கஜபதி. மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் நேரில் பார்த்ததில்லை. நாலாவது இடத்துக்கு யாராவது வருவார்கள், இவள் கத்தலைத் தாங்காமல் போய்விடுவார்கள்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேவிட்டேன். "அதுல இன்னாதான்டீ கிடைக்குது உனக்கு?"

அவள் போனைக் கீழே வைத்தாள். "கடைக்கு வர்றவங்க ஒரு கிலோ, அரை கிலோன்னு சொல்லிட்டுப் போறாங்க. நீ தூங்கினு கீற, இல்லாட்டி வேலைக்குப் போற. அங்க நான் ஓடுன்னா ஓடறாங்க, நில்லுன்னா நிக்கறாங்க. நான் சொல்றத கேக்கறதுக்கு உலகத்துல ரெண்டே பேரு கீறாங்க. அது உனக்குப் பொறுக்கலியா?"

நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். வேறென்ன செய்வது?

இப்படிப்பட்டவள் ஏமாந்தது எதற்குத் தெரியுமா? ஆடித் தள்ளுபடிக்கு.

விளையாட்டுக்குள்ளே அவளுடைய பொம்மைக்கு எப்போதும் பேன்ட்டும் கோட்டும்தான். "ஒரு பொடவை வெச்சா இன்னா கொறைஞ்சுடும் இவனுங்களுக்கு?" என்று புலம்புவாள். அன்றைக்கு, நாலாவது ஆளாக வந்துபோன ஒருவனிடமிருந்து ஒரு லிங்க் வந்தது. 'ஆடி ஸ்பெஷல்! உங்கள் வீராங்கனைக்குப் பட்டுப்புடவை இலவசம்! இன்று மட்டும்!' படமும் போட்டிருந்தான். மாம்பழக் கலர், அரக்கு பார்டர். கடையில் யாராவது ஐந்நூறு ரூபாய் நோட்டு நீட்டினால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவாள். அப்பேர்ப்பட்டவள் கையில் மாவோடு லிங்க்கை அமுக்கி, மெயிலைப் போட்டு, பாஸ்வேர்டைப் போட்டு, புடவைக்காகக் காத்திருந்தாள். புடவை வரவில்லை. கொஞ்ச நேரத்தில் விளையாட்டு அவளை வெளியே தள்ளியது. திரும்பப் போகப் பார்த்தால் பாஸ்வேர்டு தப்பு என்றது. மெயிலுக்குள்ளும் போக முடியவில்லை. எவனோ எல்லாவற்றையும் மாற்றிவிட்டான்.

நான் எழுந்து வந்தபோது கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தது. மாவு எப்போதோ அரைபட்டுச் சூடேறிப்போயிருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் மாவு சூடேறி நான் பார்த்ததில்லை. சுவிட்சை அணைத்தேன். "நல்லா வேணும்" என்று சொல்ல வாயைத் திறந்தவன், அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

"என் பேர்ல அவன் வித்யாவுக்கும் கஜபதிக்கும் அந்த லிங்க்க அனுப்புவான்யா," என்றாள். "நான் அனுப்பினேன்னு நெனச்சு அமுக்கிடுவாங்க. அப்புறம் என் மூஞ்சில முழிப்பாங்களா?"

அவளுக்காக அன்றைக்கு என் போனில் அந்தச் சனியனை இறக்கினேன். புது அக்கவுண்ட் திறந்து, வித்யாவையும் கஜபதியையும் தேடிப் பிடித்தோம். இவள் நடந்ததைத் தட்டச்சு செய்தாள். பதில் கஜபதியிடமிருந்து வந்தது. வந்தது பதிலா அது? எங்கள் வம்சத்தையே இழுத்து வைதிருந்தான். 'டேய், ஏற்கனவே ஒருத்தன் அக்கா பேர்ல லிங்க் அனுப்பினு கீறான். நீ எவன்டா ரெண்டாவது? நீ அக்கான்னா மைக் போடு!'

மைக்கைப் போட்டாள். அடுத்த ஈடு அரைக்க அப்போதுதான் உளுந்தைப் போட்டு கிரைண்டரை ஓடவிட்டிருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் ஒரு பெண் குரல் கிறீச்சிட்டது.

"அண்ணா, பின்னாடி கிரைண்டர் சத்தம்! அக்காதான்! அக்காவேதான்!"

"யக்கா!" என்றான் கஜபதி. "மன்னிச்சுக்கோ யக்கா. அந்தத் திருட்டுப் பய கிட்டயும் மைக் போடுன்னோம். மைக் ரிப்பேருன்னு எழுதறான். உனக்காவது மைக் ரிப்பேரா? உனக்கு மைக்கே தேவல்லியே!"

ஷோபனா சிரித்தாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு. எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

வித்யா விவரமான பெண். எது வந்தாலும் இனிமேல் முதலில் மைக் போடச்சொல்லிக் குரலைக் கேட்க வேண்டும் என்று மூவருக்கும் சட்டம் போட்டாள். பிறகு, "அக்கா, மெயில் கெடச்சா அக்கவுண்டும் கெடச்சிடும். பாஸ்வேர்டு மறந்துட்டேன்னு குடு. திருடன் மெயில்ல இருக்கற போன் நம்பர மாத்தியிருந்தாலும் பழைய போனுக்கு ஒரு வாரம் வரைக்கும் கோடு நம்பர் அனுப்புவாங்க. அதுக்குள்ள புடிக்கணும். வாரம் போச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது," என்றாள்.

கொடுத்துப் பார்த்தோம். நாற்பத்தேழில் முடிகிற நம்பருக்குக் கோடு அனுப்பட்டுமா என்று கேட்டது. அது இவள் நம்பர் இல்லை. என் நம்பரும் இல்லை. ரெண்டு பேரும் முழித்தோம். திடீரென்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"யூசுப் பாய்!"

ஸ்டேஷன் ரோட்டில் செல்போன் கடை வைத்திருந்த யூசுப்பிடம்தான் இவள் முதல் போனை வாங்கினாள். மெயில், பாஸ்வேர்டு எல்லாம் அவரே போட்டுக்கொடுப்பார். எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு மெயில் என்று ஒன்று இருப்பதே யூசுப்புக்குத்தான் தெரியும். நம்பர் கேட்கிற இடத்தில் தன் நம்பரையே போட்டுவிட்டிருக்கிறார் மனுஷன். இப்போது கடையைப் பூந்தமல்லிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளே லீவு போட்டு பைக்கை எடுத்தேன். ஆவடி, பருத்திப்பட்டு, சென்னீர்க்குப்பம் என்று வழியெல்லாம் பின்னாலிருந்து உத்தரவு. "லெஃப்ட்ல வண்டி வருது பாரு! நேரா போ! நின்னுடாத!" அந்தக் கத்தலில் ஒரு பஸ்ஸே ஒதுங்கி வழிவிட்டது.

பூந்தமல்லி கடைத்தெருவில் யூசுப்பைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. ஷோபனாவைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "இன்னாக்கா, மாவு அக்கா! இவ்ளோ தூரம்?"

விஷயத்தைச் சொன்னோம். அவருக்கு வெட்கமே இல்லை. "அப்ப உங்க நம்பரப் போட்டிருந்தா நீங்க நம்பர மாத்திகினு வந்து என்னாண்டதான் நிப்பீங்க. அதான் எல்லாருக்கும் என்னுதே போட்டேன். நம்பர் உயிரோட தான் கீது. பட்டன் போன்ல போட்டு ஊட்டுல வெச்சுகீறேன். கோடு அனுப்பச் சொல்லுங்க, ஊட்டாண்ட போன் போட்டுக் கேட்டுடலாம்."

கோடு அனுப்பச் சொன்னோம். யூசுப் அந்த நம்பருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவர் மனைவி வஹீதுன்னிசா எடுத்தார்.

"வஹீதா, அதுல ஒரு மெசேஜ் வந்துருக்கும். நம்பர படி."

"யாரு பேசறது?"

"நான்தான்மா, யூசுப்பு."

"நீ யூசுப்புன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"இன்னாம்மா, என் கொரல் தெரியாதா?"

"கொரலு மாதிரியே பேசறானுங்களாம் இப்போ. யார் கேட்டாலும் நம்பர சொல்லாத, நானே கேட்டாலும் சொல்லாதன்னு என் ஊட்டுக்காரரு சொல்லிகீறாரு. வைய்யி போன!"

வைத்துவிட்டார். யூசுப் எங்களைப் பார்த்து அசடு வழிந்தார். மறுபடியும் போட்டார். வஹீதுன்னிசா எடுத்ததும், "நான் சொன்னது நெசந்தான், ஆனா இப்ப நானே சொல்றேன்..." என்று ஆரம்பித்தார்.

"அதத்தான் அந்தத் திருடனும் சொல்லுவான். நேர்ல வந்து மூஞ்சியக் காட்டு!" டொக்.

ஷோபனாவுக்கு அழுகை வருமோ என்று திரும்பிப் பார்த்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். "இந்தப் பொம்பள பக்கத்துல இருந்திருந்தா அந்த ஆடித் தள்ளுபடி லிங்க்க நான் அமுக்கியே இருக்க மாட்டேன்யா! வா, ஊட்டுக்கே போலாம்!"

கடையைப் பாதிக் கதவு சாத்திவிட்டு யூசுப் முன்னே ஓடினார். ரெண்டு சந்து தாண்டி வீடு. வஹீதுன்னிசா தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்து, புருஷனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு ஷோபனாவைப் பார்த்தார். "இவங்க யாரு?"

"மாவு அக்கா. திருமுல்லவாயல். அவங்களுதுதான் அந்த அக்கவுண்டு."

"அப்ப முன்னாடியே கூட்டினு வர்றதுதானே? உள்ள வாங்கக்கா. மொதல்ல டீ குடிங்க."

டீ குடித்து முடிப்பதற்குள் பழைய கோடு காலாவதியாகிவிட்டது. மறுபடி அனுப்பச் சொன்னோம். பட்டன் போன் கீச்சென்றது. வஹீதுன்னிசா கண்ணாடி போட்டுக்கொண்டு, யூசுப்பைத் திரும்பி நிற்கச்சொல்லிவிட்டு, ஷோபனாவின் காதோரம் ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். இவள் கேட்கக் கேட்கத் தட்டினாள். மெயில் திறந்துகொண்டது.

"புது பாஸ்வேர்டு நான் போட்டுத் தரட்டா அக்கா?" என்றார் யூசுப் சுவரைப் பார்த்தபடியே.

"ஒண்ணும் வேணாம் பாய், நானே போட்டுக்கறேன்," என்றாள். "நம்பரும் என் நம்பரே." நான் எட்டிப் பார்த்தேன். என்னையும் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டாள்.

அப்புறம் விளையாட்டு. அக்கவுண்ட் உள்ளே விட்டது. எங்கள் எல்லாருக்கும் மூச்சு வந்தது. அடுத்த நிமிஷம், "அடப் படுபாவி!" என்று ஒரு அலறல். வஹீதுன்னிசா கையிலிருந்த டீ டம்ளர் சிந்தியது.

திருடன் அவள் பெயரில் ஆடித் தோற்றிருக்கிறான். ஒன்றிரண்டு ஆட்டமல்ல, எக்கச்சக்கமாக. மூன்று வருஷம் கஷ்டப்பட்டு ஏறியிருந்த இடத்திலிருந்து அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து விட்டிருந்தான். அது போதாதென்று பொம்மைக்கு ரோஸ் கலரில் முயல் காது மாட்டியிருந்தான்.

"திருடறதே திருடற, ஒழுங்கா ஆடத் தெரியாது உனக்கு? குறி பாக்கத் தெரியாதவன்லாம் எதுக்குய்யா திருட வர்றான்?" என்று அவள் திட்டத் திட்ட, வஹீதுன்னிசா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். யூசுப் சுவரைப் பார்த்துக்கொண்டே குலுங்கினார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஷோபனா எங்களை முறைத்தாள், அப்புறம் அவளும் சேர்ந்துகொண்டாள். கிளம்பும்போது, "அடுத்த தபா வரும்போது மாவு கொண்டாங்கக்கா," என்றார் வஹீதுன்னிசா. வழியெல்லாம் பின்னாலிருந்து கத்தலே இல்லை. ஏதோ முனகிக்கொண்டே வந்தாள். அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு நாள் கழித்து நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தேன். முன்னறையில் கிரைண்டர் ஓட ஆரம்பித்தது. சரி, துப்பாக்கிச் சூட்டுக்கு நேரமாகிவிட்டது என்று தலையணையைக் காதில் வைக்கப் போனேன். என் போன் கிண்ணென்றது.

அன்று அவளுக்காக இறக்கியதை நான் அழிக்காமலே விட்டிருந்தேன். திரையில் ஒரு அழைப்பு: 'மாவு அக்கா உங்களைத் தன் அணிக்கு அழைக்கிறார்.' கீழே பச்சையில் ஒரு பட்டன்.

இவ்வளவு பட்ட பிறகு எவன் அமுக்குவான்? "ஷோபனா! உன் பேர்ல எனக்கு இன்னாவோ வந்துகீது! நீதானா அது?" என்று படுத்தபடியே கத்தினேன். கிரைண்டர் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. எழுந்து உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன்: 'மைக் போடு.'

போனில் முதலில் கிரைண்டர் சத்தம் வந்தது. பிறகு அவள் குரல். சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு தடவையும், கைக்குள்ளே ஒரு தடவையுமாகக் கேட்டது.

"நான்தான்யா. நாலாவது எடம் காலியா கீது. வர்றியா, தூங்கப் போறியா?"

"அண்ணாத்தே, வாங்க!" என்றான் கஜபதி. வித்யா சிரித்தாள்.

பச்சைப் பட்டனை அமுக்கினேன். திரையில் முயல் காதோடு ஒரு பொம்மையும், பக்கத்தில் வெறும் பனியனோடு நானும் நின்றுகொண்டிருந்தோம்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதே, இன்னா பண்ணணும்?" என்றேன்.

"நான் சொல்றத கேளு. அவ்ளோதான்."

"சரி," என்றேன். "சொல்லு."