ஒரே ஒரு 'வேண்டாம்'

ஹாலில் கணவன் சிரிக்கும் சத்தம் கேட்டதும், அடுப்படியில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது. வீட்டு மனுஷிக்குச் செலவழிக்காத சிரிப்பு அது. வெளியாள் வந்தால்தான் எடுப்பான்.

வந்திருந்தவள் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் துணி திருத்தும் கடை வைத்திருக்கும் அம்மாள். இந்த வெளிநாட்டு ஊர் வழக்கப்படி மூன்று நாள் முன்பே போன் செய்து அனுமதி கேட்டு, சொன்னபடி நாலு மணிக்கு அழைப்பு மணியை அழுத்தினாள். முன்பொரு நாள் லிஃப்டில் அவளுடைய கோட்டு மடிப்பு பிரிந்து தொங்குவதைப் பார்த்த இவள், சைகையாலேயே கேட்டு வாங்கிவந்து, தைத்துக் கணவனிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். பதினோரு வருஷம் தையல் மிஷின் மிதித்தவள் அல்லவா! கடையில் ஒரு மிஷின் காலியாம், அதற்காகத்தான் வருகிறாளாம். போன் வந்ததிலிருந்து இவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கல்யாணமாகி இங்கே வந்து பதினாலு மாசம். ஏழாவது மாடி. ஜன்னல் நாலு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது. வீட்டுக்குச் சாவி ஒன்றே ஒன்று, அது கணவனிடம். இன்னொன்று கேட்டபோது, "எங்கே போகப் போறே? உனக்கெதுக்குச் சாவி?" என்றான். அந்த மிஷின் கிடைத்தால் தினமும் கீழே இறங்கலாம், நாலு முகம் பார்க்கலாம்.

டீயைக் கொண்டுவந்து வைத்தாள். கடைக்கார அம்மாள் தன் பாஷையில், இவளுக்குப் புரியட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக மெல்லப் பேசினாள். "உங்க கைவேலை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. திங்கட்கிழமையிலேருந்து கடைக்கு வர்றீங்களா?"

இவளுக்கு உடனே 'சரி' என்றுவிடத்தான் ஆசை. ஆனால் அம்மா வளர்த்த வாயாயிற்றே! நீட்டியதும் பறக்காவெட்டி மாதிரி பாயலாமா?

"ஐயோ, வேண்டாங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று அந்தப் பாஷையில் தெரிந்த நாலு சொல்லைக் கோத்துச் சொல்லிச் சிரித்தாள். 'அட, சும்மா வாங்க' என்பாள். இன்னொரு 'வேண்டாங்க'. அப்புறம் கையைப் பிடித்து வற்புறுத்துவாள். அதற்குப் பிறகு சரி என்பதுதானே முறை?

"புரியுது. உங்க விருப்பம்" என்று கடைக்கார அம்மாள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

அவ்வளவுதான். இரண்டாவது தடவை கேட்கவே இல்லை! வேண்டாம் என்றவளை மறுபடி கேட்பது இங்கே மரியாதைக் குறைவு. பாவி மகளுக்கு அது தெரியவில்லை.

பதறிப்போய்க் கணவனைப் பார்த்தாள். ஆறு வருஷமாக இங்கே குப்பை கொட்டுகிறவன்.

"ஏங்க, சும்மா ஒரு மரியாதைக்குச் சொன்னேன்னு சொல்லுங்களேன்."

"நீதானே வேண்டாம்னே?"

"எனக்குப் போகணுங்க. அதை அவங்க பாஷையில விளக்கிச் சொல்லத் தெரியலையே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"சொல்றேன், சொல்றேன். ஏன் இப்படிப் பறக்கறே? மானத்தை வாங்காதே."

அவன் அந்தப் பாஷையில் மளமளவென்று பேசினான். அந்த வேகத்தில் இவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. 'வீடு' என்ற சொல் மட்டும் இரண்டு முறை காதில் விழுந்தது. கடைக்கார அம்மாள் இவளைப் பார்த்து இதமாகச் சிரித்தாள். வருகிறேன், வருகிறேன் என்று இவள் தலையைத் தலையை ஆட்டினாள். பக்கவாட்டில் ஆடும் தலைக்கு இங்கே என்ன அர்த்தம் என்று யார் சொல்லித் தந்தார்கள்?

"டீ அருமை" என்று எழுந்தாள் அந்த அம்மாள். வாசலில் குனிந்து செருப்பு மாட்டினாள். அவள் கையை எட்டிப் பிடிக்க இவள் ஓரடி வைப்பதற்குள் கணவன் குறுக்கே வந்து நின்று, மறுபடி அதே சிரிப்போடு விடைகொடுத்தான்.

காலடி ஓசை லிஃப்ட் பக்கம் போயிற்று. அவன் கதவைச் சாத்தினான்.